காற்றை உள்ளே விடாத வீடு: ஒரு சூறாவளிக்கு முன்னும் பின்னும் நாங்கள் செய்த வேலைகள்

சூறாவளி வீட்டைத் தள்ளிச் சாய்த்துவிடும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். பெரும்பாலான வீடுகளில் நடப்பது வேறு. எங்கோ ஒரு ஜன்னல் உடைகிறது, அல்லது கராஜ் கதவு உள்பக்கமாக மடங்குகிறது. அந்த வழியாகக் காற்று வீட்டுக்குள் புகுந்து கூரையைக் கீழிருந்து தூக்குகிறது. கூரையின் மேல் பாயும் காற்றோ அதை ஏற்கெனவே மேல்நோக்கி இழுத்துக்கொண்டிருக்கிறது. இரண்டும் சேர்ந்தால் ஆணிகள் பிடுங்கிக்கொள்கின்றன. கூரை போனதும் சுவர்களுக்குத் தலைப்பிடிப்பு இல்லாமல் போகிறது.

1992 ஆகஸ்ட் 24 அன்று ஆண்ட்ரூ சூறாவளி அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்தின் தென்பகுதியைத் தாக்கிய பிறகு, சிதைந்த வீடுகளை ஆராய்ந்தவர்கள் திரும்பத் திரும்பக் கண்டது இதைத்தான். மடங்கிய கராஜ் கதவுகள், மூடப்படாத ஜன்னல்கள், உத்தரச் சட்டத்தில் இறங்காமல் பக்கத்தில் போன கூரை ஆணிகள். அதன் விளைவாக உருவான மாநிலம் தழுவிய கட்டட விதித்தொகுப்பு 2002 மார்ச்சில் நடைமுறைக்கு வந்தது. எங்கள் வீடு அதற்கு முன்பே கட்டப்பட்டது. ஆகவே புதிய வீடுகளில் கட்டும்போதே அமைந்துவிடுகிற பாதுகாப்பை நாங்களே ஒவ்வொன்றாகச் சேர்க்க வேண்டியிருந்தது. எங்களுடைய எல்லா வேலைக்கும் அடிப்படை ஒன்றே: வீட்டின் மேல்தோலில் ஓர் ஓட்டைகூட விழக்கூடாது.

பலகையையும் திருகாணியையும் தொடுவதற்கு முன் ஒன்றை உறுதி செய்துகொள்ள வேண்டும். வீட்டில் தங்கலாமா, கூடாதா? சூறாவளியில் அதிக உயிர்களை வாங்குவது காற்று அல்ல, நீர். 2005இல் காத்ரீனா மிசிசிப்பிக் கரையின் சில இடங்களில் கடலை 8 மீட்டருக்கு மேல் உயர்த்தியது. 2022 செப்டம்பரில் இயன் வந்தபோது ஃபோர்ட் மையர்ஸ் பீச்சில் தரைக்கு மேல் 3 முதல் 4.5 மீட்டர் வரை நீர் ஏறியது. ஒரு கன மீட்டர் கடல்நீரின் எடை ஒரு டன்னுக்கும் மேல். அலையாக அது வந்து மோதும்போது எந்தப் பலகையும் தாங்காது. வெளியேற்ற மண்டலங்களின், அதாவது மக்களை வெளியேறச் சொல்லும் பகுதிகளின், வரைபடத்தைப் பார்த்து, எங்கள் வீடு அவற்றில் எதிலும் இல்லை என்றும் தாழ்வான நிலத்தில் இல்லை என்றும் உறுதி செய்த பிறகுதான் தங்குவதென்று முடிவெடுத்தோம். மண்டலத்துக்குள் இருப்பவர்களும், சக்கரத்தின் மேல் கொண்டுவந்து நிறுத்தும் வகை வீடுகளில் இருப்பவர்களும் உத்தரவு வந்தவுடன் கிளம்பிவிட வேண்டும். இதில் எனக்கு இரண்டாவது கருத்தே கிடையாது.

இனி ஜன்னல்கள். கண்ணாடியில் பெருக்கல் குறி போல ஒட்டுநாடா ஒட்டும் வழக்கம் இன்னும் இருக்கிறது. அதனால் துளிப் பயனும் இல்லை. பறந்து வரும் ஓட்டுத் துண்டை ஒட்டுநாடா தடுக்காது. கண்ணாடியைப் பெரிய பெரிய சில்லுகளாகச் சேர்த்துப் பிடித்து ஆபத்தைக் கூட்டுகிறது. நாங்கள் தேர்ந்தெடுத்தது ஐந்தெட்டு அங்குல, அதாவது 16 மில்லிமீட்டர் பிளைவுட். விலை குறைந்த மரச்சீவல் பலகையும் கிடைக்கும். ஆனால் அதே தடிமனில் பிளைவுட்தான் அடியை நன்றாகத் தாங்கும். 4 அடிக்கு 8 அடி முழுப்பலகை 25 கிலோவுக்கு மேல் இருக்கும். காற்று எழுந்த பிறகு அதைத் தூக்கிக்கொண்டு ஏணியில் நிற்பது உயிரோடு விளையாடுவது. ஆகவே அளவெடுப்பு, அறுப்பு, துளையிடுதல் எல்லாவற்றையும் சூறாவளிப் பருவம் தொடங்கும் ஜூன் 1க்கு முன்பே முடித்துவிட்டோம்.

எங்கள் வீட்டுச் சுவர் காங்கிரீட் பிளாக். மரச்சட்டச் சுவராக இருந்தால் நீளத் திருகாணியைச் சட்டத்திலேயே இறக்கிவிடலாம். பிளாக் சுவரில் நிலையான ஆங்கர்கள், அதாவது துளைக்குள் பதிந்து போல்ட்டைப் பிடித்துக்கொள்ளும் உலோகப் பிடிப்புகள், வேண்டும். பலகை ஜன்னல் திறப்பைவிட ஒவ்வொரு பக்கமும் 4 அங்குலம் கூடுதலாக இருக்கும்படி அறுத்தோம். ஓரம் நெடுக ஏறத்தாழ அடிக்கு ஒரு துளை. முதலில் பலகையில் துளை போட்டு, அதைச் சுவரில் பொருத்திப் பிடித்து, அந்தத் துளைகளின் வழியாகவே சுவரில் குறியிட்டோம். சுவரை அளந்து பிறகு பலகையில் துளையிட்டால் ஒன்றோ இரண்டோ கட்டாயம் தப்பும். பிளாக்கின் விளிம்புக்கு மிக அருகில் துளைத்தால் விளிம்பு உதிர்ந்து ஆங்கர் பிடிக்காமல் போகும். குறைந்தது ஒன்றரை அங்குலமாவது திடமான காங்கிரீட்டுக்குள் ஆங்கர் இறங்கியிருக்க வேண்டும். மேற்பூச்சின் தடிமனை அந்தக் கணக்கில் சேர்க்கக்கூடாது. துளையிலுள்ள தூசியை ஊதி வெளியேற்றிவிட்டுத்தான் ஆங்கரைச் செருக வேண்டும். தூசி தங்கினால் அது சுழன்றுகொண்டே இருக்கும். ஒவ்வொரு போல்ட்டுக்கும் அகலமான வாஷர் போட்டோம். சிறு தலையுள்ள திருகாணியின் மேல் இழுவிசை வந்தால் பிளைவுட் அதன் தலையை உருவிக்கொண்டு வெளியே போய்விடும்.

அகலமான வரவேற்பறை ஜன்னலுக்கு இரண்டு பலகைகள் தேவைப்பட்டன. சேரும் இடத்தில் பின்பக்கமாக இரண்டுக்கு நான்கு அங்குல மரச்சட்டத்தைக் குறுகிய பக்கம் பலகையில் படும்படி நிமிர்த்தி வைத்து, இரண்டு பலகைகளையும் அதோடு திருகிவிட்டோம். சட்டத்தைப் படுக்க வைத்தால் வளையும். நிமிர்த்தி வைத்தால்தான் வலு. பிறகு மாமா கரிய மையால் ஒவ்வொரு பலகையிலும் எண்ணும், எந்த அறை என்பதும், மேல்நோக்கிய அம்புக்குறியும் எழுதினார். துளைகள் கையால் போட்டவை. தலைகீழாகப் பிடித்தால் ஒன்றும் பொருந்தாது. எச்சரிக்கை வந்த நாளின் பரபரப்பில் அந்த அம்புக்குறி செய்த உதவி பெரிது.

ஒரு கதவை மட்டும் உள்ளிருந்து திறக்கக்கூடியதாக விட்டோம். எல்லாத் திறப்புகளையும் வெளியிலிருந்து அடைத்துவிட்டு உள்ளே இருந்தால், தீப்பிடித்தால் ஓட வழியில்லை. சூறாவளியைப் பற்றியே யோசித்துக்கொண்டிருக்கும்போது இது எளிதில் மறந்துபோகிறது.

கராஜ் கதவுக்குத்தான் அதிக நேரமும் யோசனையும் செலவாயின. கணக்கு இதுதான். காற்றின் அழுத்தம் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. மணிக்கு 105 கிலோமீட்டரில் சதுர மீட்டருக்குச் சுமார் 50 கிலோ என்றால், வேகம் இரட்டிப்பாகி 210 ஆகும்போது 200 கிலோவைத் தாண்டிவிடுகிறது. ஐந்து வகைகளில் நான்காம் வகைச் சூறாவளி 209 கிலோமீட்டரிலிருந்துதான் தொடங்குகிறது. இரண்டு கார்கள் நுழையும் 16 அடிக்கு 7 அடிக் கதவின் மேல் அப்போது விழும் விசை இரண்டு டன்னுக்கும் மேல். எங்கள் கதவோ மெல்லிய தகடு. அதைத் தாங்குவது இரண்டு ஓரங்களிலும் உள்ள சிறு உருளைகள் மட்டுமே. நடுவில் பிடிப்பே இல்லை.

கதவுத் தகடுகள் ஒவ்வொன்றின் உள்பக்கத்திலும் குறுக்கே ஓர் இரும்புச் சட்டம் பொருத்தினோம். பிறகு செங்குத்துத் தாங்கு கம்பங்கள். இவை தரையில் பதித்த ஆங்கரிலிருந்து கதவுக்கு மேலுள்ள காங்கிரீட் உத்தரம் வரை போகும். ஒவ்வொரு கீல் வரிசையிலும் கதவோடு கொக்கியிட்டுப் பிணைக்கப்படும். இந்தக் கொக்கி முக்கியமானது. காற்று கதவை உள்ளே தள்ளுவது மட்டுமல்ல, திசை மாறும்போது வெளியே உறிஞ்சவும் செய்யும். சும்மா முட்டுக்கொடுத்த கம்பம் தள்ளலைத் தாங்கும், உறிஞ்சலைத் தாங்காது. பக்கத் தண்டவாளத்தைச் சுவரோடு பிடித்திருந்த திருகாணிகளையும் கழற்றிவிட்டு நீளமானவற்றைப் போட்டோம். கம்பங்கள் நின்றபிறகு கதவைத் திறக்கும் மோட்டாரின் பிளக்கைப் பிடுங்கிவிட வேண்டும். யாராவது பழக்கத்தில் பொத்தானை அழுத்தினால் கதவும் போய்விடும், மோட்டாரும் போய்விடும்.

கராஜ் இருப்பவர்களுக்கு என் யோசனை: ஒரு வேலைக்குத்தான் பணம் இருக்கிறது என்றால் கராஜ் கதவிலிருந்து தொடங்குங்கள். காற்றழுத்தத்துக்குத் தர மதிப்பிடப்பட்ட புதிய கதவு இன்னும் நல்லது. அதற்குப் பணம் சேரும்வரை கம்பங்கள் போதும்.

மற்றவை எளிய வேலைகள். தோட்டத்து நாற்காலி, பூந்தொட்டி, குப்பைத் தொட்டி, குழந்தைகளின் சைக்கிள் எல்லாம் உள்ளே வந்தன. காய்ந்த கிளைகள் முன்பே வெட்டப்பட்டிருந்தன. ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒரு காலன், அதாவது 3.8 லிட்டர் என்ற கணக்கில் குடிநீர் நிரப்பினோம். குளியல் தொட்டியில் நிரப்பியது கழிப்பறைக்கு. வீட்டு வெந்நீர்க் கலத்திலேயே 150 லிட்டருக்கு மேல் நல்ல நீர் இருக்கிறது; மின்சாரத்தையோ எரிவாயுவையோ அணைத்துவிட்டு அடியிலுள்ள குழாயைத் திறந்தால் அதையும் எடுக்கலாம். காருக்கு எரிபொருள், மாமாவின் மருந்துகள், ரேடியோவுக்குப் பேட்டரி, ஆவணங்கள் நீர்புகாத பையில். ஒவ்வோர் அறையையும் ஒவ்வொரு பொருளையும் படம் பிடித்து வைத்துக்கொண்டோம், காப்பீட்டுக்காக.

தேசிய சூறாவளி மையம் வெளியிடும் கூம்பு வடிவப் படத்தைத் தவறாகப் படிப்பவர்கள் நிறையப் பேர். அந்தக் கூம்பு புயலின் மையம் போகக்கூடிய பாதையை மட்டும் காட்டுகிறது. அதுவும் மூன்றில் இரண்டு பங்கு வாய்ப்புக்குத்தான். புயலின் அகலத்தை அது காட்டுவதே இல்லை. கூம்புக்கு வெளியே இருப்பதால் தப்பினோம் என்று நினைப்பது மிகவும் தவறு. நாங்கள் பார்த்தது அதே மையம் வெளியிடும் இன்னொரு படத்தை: மணிக்கு 63 கிலோமீட்டர் காற்று எந்த நேரத்தில் வந்து சேரக்கூடும் என்பதை அது சொல்கிறது. வெளிவேலை முழுவதும் அதற்குள் முடிய வேண்டும். அந்தக் காற்று தொடங்குவதற்குச் சுமார் 36 மணி நேரம் முன்பு சூறாவளி எச்சரிக்கை வரும். துளைகளும் எண்களும் தயாராக இருந்ததால் கணவரும் நானும் மகளும் பகல்வெளிச்சத்திலேயே எல்லாப் பலகைகளையும் ஏற்றிவிட்டோம்.

காற்று எழும் முன் வீட்டின் உள்கதவுகள் அனைத்தையும் சாத்தினோம். ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வைத்தால் அழுத்தம் சமமாகும் என்று இன்னும் சிலர் சொல்கிறார்கள். அது நேர் எதிரான விளைவைத் தரும். வீடுகளை முழு அளவில் சோதிக்கும் ஓர் அமெரிக்கக் காப்பீட்டு ஆய்வு நிறுவனம், உள்கதவுகளை மூடுவதால் மட்டுமே கூரையின் மேலுள்ள விசை 30 சதவீதம் வரை குறையக்கூடும் என்று கண்டிருக்கிறது. செலவே இல்லாத வேலை. இதை எல்லோருக்கும் சொல்லிக்கொண்டே இருக்கிறேன்.

தங்குவதற்கு, வெளிச்சுவர் இல்லாத நடுக்கூடத்தைத் தேர்ந்தெடுத்தோம். மெத்தைகளைச் சுவரோரம் நிறுத்தினோம். எல்லோரும் ஷூ போட்டுக்கொண்டோம். குழந்தைகளின் சைக்கிள் ஹெல்மெட்டைக் கைக்கெட்டும் இடத்தில் வைத்தோம். மெழுகுவத்தி வேண்டாம், டார்ச் மட்டும் என்பது முன்பே பேசி வைத்தது.

மின்சாரம் போனபிறகு வெளியே என்ன நடக்கிறது என்று பார்க்க வழியில்லை. ஆனால் கேட்க முடிந்தது. வட அரைக்கோளத்தில் சூறாவளி கடிகார முள்ளுக்கு எதிராகச் சுழல்கிறது. காற்றுக்கு முதுகைக் காட்டி நின்றால் மையம் ஏறத்தாழ இடப்பக்கத்தில் இருக்கும். மழை எந்தப் பக்கத்துப் பலகைகளில் அறைகிறது என்பதிலிருந்து காற்றின் திசை தெரிந்தது. முதலில் முழங்கியது வடகிழக்குப் படுக்கையறை. அப்படியானால் மையம் எங்களுக்குத் தென்கிழக்கில். மகள் ஒரு தாளில் வீட்டின் வரைபடத்தைப் போட்டு, அம்புக்குறியும் நேரமும் எழுதிக்கொண்டே வந்தாள். கைப்பேசியிலுள்ள காற்றழுத்தமானியை அவள் தம்பி வாசித்தான். சாதாரணமாக 1013 மில்லிபாரை ஒட்டி நிற்கும் எண் இறங்கிக்கொண்டே போனது. காது அடைத்து அடைத்துத் திறந்தது.

பிறகு ஓசை இடம் மாறியது. கிழக்குச் சுவர், அதற்கப்புறம் தெற்குப் பக்கத்து வரவேற்பறை. "காற்று வலமாகத் திரும்புகிறதா, பாரம்மா" என்று மாமா கேட்டார். ஆம், வடகிழக்கு, கிழக்கு, தென்கிழக்கு என்று வலஞ்சுழியாகத்தான் திரும்பிக்கொண்டிருந்தது. மையம் எங்களுக்கு மேற்கே கடந்து வடக்கே போகிறது என்று அதற்குப் பொருள். நாங்கள் புயலின் வலப்பக்கத்தில் இருந்தோம். வேகம் அதிகமான பக்கம் அதுதான். புயலின் நடுவிலுள்ள அமைதியான பகுதியான கண் எங்கள் மேல் வரப்போவதில்லை என்பதும் அதில் தெரிந்தது. கண் நேராக வந்திருந்தால் திடீரென்று அமைதியாகி, சற்று நேரத்தில் எதிர்த்திசையிலிருந்து முழு வேகத்தில் அடிக்கும். அந்த அமைதியில் வெளியே போனவர்கள் மாட்டிக்கொண்டதுண்டு. எண் ஓரிடத்தில் நின்று, பிறகு ஒவ்வொரு புள்ளியாக ஏறத் தொடங்கியதைத் தம்பி உரக்கப் படித்தான். காற்று குறைய அதற்குப் பின்னும் வெகுநேரம் ஆயிற்று. ஆனால் வாசிப்பும் எழுத்தும் இருந்ததால் குழந்தைகள் பயத்தில் உறைந்து உட்காரவில்லை. அதற்காகவே இதைப் பரிந்துரைக்கிறேன்.

அந்த இரவில் எழுந்து போய்ப் பார்த்தது கராஜை மட்டும்தான், அதுவும் உள்கதவைச் சற்றே திறந்து. டார்ச் வெளிச்சத்தில் கதவுத் தகடு வயிறு போல உள்ளே உப்பி, பிறகு தணிந்தது. கம்பங்கள் அசையவில்லை, கொக்கிகள் மட்டும் காற்றின் ஒவ்வொரு மோதலுக்கும் ஒரு சொடுக்கு ஒலி கொடுத்தன. தகட்டின் நடுவை எந்தப் பிடிப்பும் இல்லாமல் விட்டிருந்தால் அது அன்றே போயிருக்கும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

விடிந்தபின் முதல் விதி: அறுந்து கிடக்கும் கம்பியையும் தேங்கிய நீரையும் தொடக்கூடாது. இரண்டாவது விதி ஜெனரேட்டரைப் பற்றியது. 2020இல் லாரா சூறாவளி லூசியானாவைக் கடந்த பிறகு, ஜெனரேட்டர் புகையால் குடும்பம் குடும்பமாக இறந்தார்கள். கார்பன் மோனாக்ஸைடுக்கு மணமில்லை, நிறமில்லை. இரத்தத்தில் ஆக்சிஜனின் இடத்தை அதுவே பிடித்துக்கொள்கிறது. தூங்குபவர்கள் எழுவதே இல்லை. கராஜ் கதவைத் திறந்து வைத்து உள்ளே ஓட்டுவதும் போதாது. வீட்டிலிருந்து குறைந்தது 20 அடி தள்ளி, புகைக்குழாய் ஜன்னல்களுக்கு எதிர்ப்பக்கம் பார்க்கும்படி வைத்தோம். உள்ளே பேட்டரியில் இயங்கும் மோனாக்ஸைடு அலாரம் இருந்தது. எரிபொருள் ஊற்றுவது இயந்திரம் ஆறிய பிறகுதான். சுவர் பிளக்கில் நேரடியாகச் செருகி வீட்டுக்கு மின்சாரம் கொடுப்பது, தெருக்கம்பியில் வேலை செய்யும் மின்தொழிலாளியைக் கொல்லக்கூடும். வீட்டைத் தெருக்கம்பியிலிருந்து துண்டித்து ஜெனரேட்டருக்கு மாற்றும் சுவிட்ச் இல்லாதவர்கள், தடித்த நீட்டிப்புக் கம்பியில் பொருள்களைத் தனித்தனியாக இணைக்க வேண்டும்.

குளிர்பெட்டியைத் திறக்காமல் இருந்தால் 4 மணி நேரம் தாங்கும். நிரம்பிய உறைபெட்டி 48 மணி நேரம். குழாய்நீரைக் கொதிக்கவைத்துக் குடிக்கச் சொல்லி அறிவிப்பு வந்தது. அடுப்பு எரிக்க முடியாதவர்கள் ஒரு காலன் தெளிந்த நீருக்கு, வாசனை சேர்க்காத 6 சதவீத பிளீச் 8 சொட்டு விட்டு 30 நிமிடம் வைக்கலாம்.

சேதம் என்று பார்த்தால் ஒன்றே ஒன்று. தென்கிழக்கு மூலையில் இறவாரத்தின் அடியை மூடும் அலுமினியத் தகடுகள் சில கழன்று தொங்கின. அந்த இடைவெளியில் மழை பக்கவாட்டில் ஏறி, பரணிலுள்ள வெப்பம் தடுக்கும் பஞ்சுப் படலத்தை நனைத்திருந்தது. நனைந்ததை அன்றே வெளியே எடுத்தோம். 24 முதல் 48 மணி நேரத்துக்குள் பூஞ்சை பிடிக்கும் என்பதால் அதைத் தள்ளிப்போட முடியாது. மின்விசிறியைப் பரண் வாயிலில் வைத்து உத்தரங்களை உலர்த்தினோம்.

பழைய தகடு சுவர்ப்பக்கத்தில் ஒரு பள்ளத்தில் செருகப்பட்டு மட்டும் இருந்தது, திருகாணியே இல்லை. இப்போது சுவரோடு மரப்பட்டை ஒன்றை ஆங்கர் வைத்துப் பொருத்தி, தகட்டின் இரு முனைகளையும் துருப்பிடிக்காத எஃகுத் திருகாணியால் மரத்தில் இறக்கியிருக்கிறோம். சேருமிடம் முழுவதும் பாலியுரேத்தேன் சீலன்ட். காற்றோட்டத்துக்கான துளைகளை அடைக்காமல் விளிம்புகளில் மட்டும் பூச வேண்டும். அந்த மூலை முடிந்தது. மீதி மூன்று பக்கங்களும் இதே முறையில் நடந்துகொண்டிருக்கின்றன.

பலகைகளைக் கழற்றியதும் ஆங்கர் துளைகளில் கிரீஸ் தடவி, மழைநீர் இறங்காதபடி மூடி போட்டோம். பலகைகள் கராஜ் சுவரோரம் எண் வரிசையில், தரையில் படாமல் கட்டைகளின் மேல் நிற்கின்றன. போல்ட்டுகளும் வாஷர்களும் அந்தந்த எண் எழுதிய பைகளில் அந்தந்தப் பலகையிலேயே கட்டப்பட்டிருக்கின்றன. பருவம் முடியும் நவம்பர் 30க்கு இன்னும் நாள் இருக்கிறது. ஆகவே கராஜின் தாங்கு கம்பங்களை மேலே பரணுக்கு ஏற்றவில்லை, கதவுக்குப் பக்கத்திலேயே வைத்திருக்கிறோம்.